சின்ன கேபினெட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு: பெஞ்ச்மார்க்குக்கு முன்னால் அளவுகோல்

பெரிய டவர் கேபினெட் வைத்திருப்பவர் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது இரண்டே கேள்விதான் கேட்பார்: எந்த கேம் எத்தனை எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) ஓடும், கையில் எவ்வளவு இருக்கிறது. சின்ன கேபினெட்டில் இவை இரண்டும் கடைசியில் வர வேண்டிய கேள்விகள். கார்டு உள்ளே போகுமா, போனால் மூடி மூடுமா, மூடினால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பகுதி) தாங்குமா, தாங்கினால் திரையில் படம் வருமா, வந்த படம் அரை மணி நேரம் கழித்தும் அதே வேகத்தில் ஓடுமா என்று அதற்கு முன்னால் வரிசையாக வடிகட்டிகள் நிற்கின்றன. அத்தனையையும் தாண்டி மிஞ்சுவது நான்கைந்து கார்டுகள்தான். அந்த நான்கைந்துக்குள் பெஞ்ச்மார்க், அதாவது வேகச் சோதனை எண்கள், பார்த்தால் போதும். ஆனால் வழக்கமாக நடப்பது தலைகீழ். ரிவ்யூ வீடியோ பார்த்து ஒரு கார்டை மனதில் முடிவு செய்துவிட்டு, அதை எப்படியாவது உள்ளே திணிக்க வழி தேடுகிறார்கள். பணம் வீணாவதும் அங்கேதான்.

சின்ன கேபினெட்டிலும் மூன்று ரகம் உண்டு. அலுவலகங்கள் கழித்துக்கட்டி வெளியே வரும் ஒல்லியான பெட்டிகள் ஒன்று: டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவற்றின் எஸ்எஃப்எஃப் (சிற்றளவு) மாடல்கள். இவற்றில் பாதி உயரக் கார்டு, அதாவது லோ புரொஃபைல் கார்டு மட்டுமே நிற்கும். அடுத்தது, 170க்கு 170 மி.மீ. மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு வைத்து நாமே அசெம்பிள் செய்யும் பெட்டிகள். முழு உயரக் கார்டு போகும். நீளமும் தடிமனும்தான் இடிக்கும். கடைசி ரகம் ஒரு லிட்டர் மினி பிசி. இதில் பெரும்பாலும் கார்டு சொருகும் ஸ்லாட்டே கிடையாது. லெனோவோவின் எம்720க்யூ, எம்920க்யூ டைனி மாதிரி ரைசர் (ஸ்லாட்டை இடம் மாற்றித் தரும் இணைப்பு) போட்டு ஒற்றை ஸ்லாட் கார்டு ஏற்றக்கூடிய விதிவிலக்குகள் சில உண்டு. மற்றவற்றில் தண்டர்போல்ட் அல்லது ஆக்யூலிங்க் என்ற கேபிள் இணைப்பு வழியாகக் கார்டை வெளியே வைப்பதுதான் வழி. அது தனிக் கதை. இங்கே முதல் இரண்டு ரகம் மட்டும்.

அளவெடுப்பது

ஒல்லிப் பெட்டியா என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். பின்பக்கம் கார்டு பிராக்கெட் (கார்டின் முனையிலுள்ள உலோகத் தகடு) வரும் துளையின் நீளத்தைப் பாருங்கள். சுமார் 120 மி.மீ. இருந்தால் முழு உயரம், 80 மி.மீ. இருந்தால் லோ புரொஃபைல். லோ புரொஃபைல் கார்டின் பலகை உயரம் விதிப்படி 69 மி.மீ.க்குள் அடங்கும், முழு உயரக் கார்டுக்கு 111 மி.மீ. இந்த வித்தியாசத்தை மாற்று பிராக்கெட் போட்டுச் சரிக்கட்ட முடியாது, பலகையே உயரமானது. லோ புரொஃபைல் கார்டை முழு உயரப் பெட்டியில் போடலாம், எதிர்த்திசையில் நடக்காது.

அடுத்தது நீளம். பின்பக்கத் தகட்டின் உள்முகத்திலிருந்து ஸ்லாட்டின் திசையில் முதலில் எது இடிக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். கேபினெட்டின் எதிர்ச் சுவர் வரை அளந்துவிட்டு 'இடம் இருக்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்டு டிஸ்க் மாட்டும் கூண்டு, முன்பக்க ஃபேன், மதர்போர்டிலிருந்து நெட்டுக்குத்தாக நிற்கும் சாட்டா கேபிளின் தலை, சிபியூ கூலரின் பிளாஸ்டிக் குழல் எல்லாம் நடுவில் வரும். ஒல்லிப் பெட்டிகளில் டிஸ்க் கூண்டு கதவு மாதிரி மேலே தூக்கி மூடும் அமைப்பில் இருக்கும். அதைத் திறந்து வைத்து அளந்தால் இடம் தாராளமாகத் தெரியும். மூடினால் கூண்டின் அடிப்பாகம் கார்டின் மேல் வந்து உட்காரும். மூடிய நிலைதான் கணக்கு.

தடிமன் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் இடைவெளி 20.32 மி.மீ. 'இரண்டு ஸ்லாட் கார்டு' என்றால் சுமார் 40 மி.மீ. ஆனால் உங்கள் 16 லேன் ஸ்லாட் (லேன் என்பது கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தகவல் போகும் பாதை) எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த 40 மி.மீ. கிடைக்கும். சில அலுவலக மதர்போர்டுகளில் 16 லேன் ஸ்லாட் பலகையின் ஓரத்தில் இருக்கும், அதை ஒட்டியே எஸ்எம்பிஎஸ் தகடு. அங்கே இரண்டு ஸ்லாட் கார்டு போகவே போகாது, ஒற்றை ஸ்லாட்தான். பக்கத்தில் இன்னொரு நீள ஸ்லாட் இருக்கிறதே என்று அதில் சொருகுவார்கள். பார்க்க 16 லேன் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அது மதர்போர்டின் துணைச் சில்லான சிப்செட்டிலிருந்து வரும் 4 லேன் ஸ்லாட். கார்டு ஓடும், வேகம் குறையும். நிறத்தையும் நீளத்தையும் நம்பாமல், மதர்போர்டில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதையோ மாடலின் சர்வீஸ் கையேட்டையோ பாருங்கள்.

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும் உருப்படியான வேலை ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் கார்டின் நீள, உயர, தடிமனை எடுத்துக்கொண்டு காலி டப்பா ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி, ஸ்லாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். உதாரணமாக, ஜிகாபைட்டின் லோ புரொஃபைல் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 182 மி.மீ. நீளம். டப்பாவை வைத்துவிட்டு டிஸ்க் கூண்டை மூடி, எல்லா கேபிளையும் சொருகி, பக்க மூடியையும் போட்டுப் பாருங்கள். ஸ்லாட்டின் பின்பக்கத்தில் ஸ்க்ரூவுக்குப் பதில் மடக்கும் நெம்புகோல் இருக்கும் பெட்டிகளில் அது இரண்டு ஸ்லாட் பிராக்கெட்டோடு மடங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மடங்காவிட்டால் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எச்டிஎம்ஐ கேபிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்லாட்டில் அசையும்.

மினி-ஐடிஎக்ஸ் பெட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கேபினெட் நிறுவனம் 'அதிகபட்சக் கார்டு நீளம்' என்று ஓர் எண் கொடுத்திருக்கும், அதை நம்பலாம். உயரத்தை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டும். இப்போதைய கார்டுகள் பல பிராக்கெட்டின் மேல்விளிம்பைத் தாண்டி நிற்கின்றன. அதற்கு மேல் பவர் கேபிளின் தலை, அதற்கு மேல் கேபிள் வளைய இடம். கார்டின் உயரத்தோடு இன்னும் 30 முதல் 40 மி.மீ. சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 16 பின் பவர் கனெக்டர் உள்ள கார்டுகளில் கேபிளைத் தலைக்கு ஒட்டினாற்போல் மடக்கவே கூடாது. முதல் 35 மி.மீ. நேராகப் போகட்டும். என்விடியா 2024-இல் சின்ன பெட்டிகளுக்கென ஓர் அளவு வகுத்தது: கேபிள் வளைவையும் சேர்த்து 304 மி.மீ. நீளம், 151 மி.மீ. உயரம், 50 மி.மீ. தடிமன். 'எஸ்எஃப்எஃப் ரெடி' என்று குறிக்கப்பட்ட கார்டுகள் இதற்குள் அடங்கும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 304 மி.மீ. கார்டு போகாத மினி-ஐடிஎக்ஸ் பெட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒல்லி அலுவலகப் பெட்டிக்கோ அது சம்பந்தமே இல்லாத முத்திரை.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. லோ புரொஃபைல் கார்டுகள் பெரும்பாலும் முழு உயர பிராக்கெட் மாட்டித்தான் வரும். குட்டை பிராக்கெட் கார்டின் அட்டைப் பெட்டியில் தனியாகக் கிடக்கும். கைமாறும்போது முதலில் தொலைவது அதுதான். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று போட்டோவோடு கேளுங்கள். தனியாகத் தேடினால் அந்தக் குறிப்பிட்ட கார்டின் போர்ட் வரிசைக்குப் பொருந்தும் பிராக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிப்பது

16 லேன் ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட்ஸ். அதிலும் 12 வோல்ட் வழியாக வருவது 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட்ஸ், மீதி 3.3 வோல்ட் வழியாக. அதற்கு மேல் வேண்டும் என்றால் 6 பின் கேபிள் 75 வாட்ஸ், 8 பின் கேபிள் 150 வாட்ஸ் சேர்த்துத் தரும். ஒல்லி அலுவலகப் பெட்டிகளில் இந்த 6 பின், 8 பின் கேபிள்கள் இருக்காது. ஆகவே ஸ்லாட்டிலிருந்து மட்டும் ஓடும் கார்டுதான். சில பழைய மாடல்களில் ஸ்லாட்டுக்கே 75 வாட்ஸைவிடக் குறைந்த வரம்பை நிறுவனம் கையேட்டில் எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் மீறாமல் இருப்பது நல்லது, அந்த மதர்போர்டுகளின் மின்தடம் அதற்கேற்பத்தான் போடப்பட்டிருக்கும்.

இனி எஸ்எம்பிஎஸ். மேலே பெரிதாக எழுதியிருக்கும் மொத்த வாட்ஸைப் பார்க்காதீர்கள். லேபிளில் '+12வி' என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 168 வாட்ஸ். கார்டும் சிபியூவும் உறிஞ்சுவது பெரும்பாலும் இதிலிருந்துதான். 180 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு பெட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 65 வாட்ஸ் சிபியூ, மதர்போர்டு, இரண்டு ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 25 முதல் 30 வாட்ஸ், 70 வாட்ஸ் கார்டு. மொத்தம் 160 முதல் 165. ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். அதே பெட்டியில் 50 வாட்ஸ் கார்டு போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். 200 வாட்ஸுக்கு மேல் இருந்தால், சிபியூ 65-ஐத் தாண்டாதவரை, 70 வாட்ஸ் கார்டு யோசிக்காமல் போடலாம்.

இந்தக் கணக்கில் ஆளை ஏமாற்றுவது சிபியூவின் எண். '65 வாட்ஸ்' என்று விற்கப்படும் ஐ5-12400, டர்போவில் (தற்காலிக உச்ச வேகத்தில்) 117 வாட்ஸ் வரை போக அனுமதி உண்டு. கேமில் அவ்வளவு இழுக்காது. ஆனால் ரெண்டரிங்கில் சிபியூவும் கார்டும் ஒரே சமயத்தில் முழு மூச்சில் ஓடினால் 180 வாட்ஸ் பெட்டி சட்டென்று அணைந்துவிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) சிபியூவின் பவர் வரம்பைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 12 வோல்ட் கணக்கில் அந்த 117-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

'எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றிவிட்டால் என்ன?' என்பது அடுத்து வரும் கேள்வி. ஒல்லி அலுவலகப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்-இன் வடிவமும் மதர்போர்டில் சொருகும் கனெக்டரும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. வழக்கமான 24 பின் அங்கே இருக்காது. மாற்று அடாப்டர் கேபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் வழக்கமான எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் அடங்காது, வெளியே தொங்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பெட்டியையே மாற்றுவதுதான் நியாயம்.

இதைவிட ஆபத்தான குறுக்கு வழி, சாட்டா பவர் கேபிளிலிருந்து 6 பின் அல்லது 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். மலிவாகக் கிடைக்கிறது, கச்சிதமாகப் பொருந்துகிறது, கம்ப்யூட்டர் ஆனும் ஆகிறது. ஆனால் சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர்தான் தாங்கும். மொத்தம் 54 வாட்ஸ். 6 பின் கேட்பது 75, 8 பின் கேட்பது 150. முதல் மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு பிளாஸ்டிக் மஞ்சளாகி, உருகி, கருகல் வாசனை வரும். தீப்பிடிக்கவும் கூடும். இந்த அடாப்டரைத் தொடாதீர்கள்.

மினி-ஐடிஎக்ஸ் பெட்டிகளில் நிலைமை எளிது. சின்னப் பெட்டிக்கான எஸ்எஃப்எக்ஸ் வடிவ எஸ்எம்பிஎஸ் தரமானதாக 600, 750 வாட்ஸில் கிடைக்கும், 8 பின் கேபிள்களும் உண்டு. ஒரே ஒரு விஷயம்: கார்டுகள் மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் தங்கள் வாட்ஸைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரை எகிறி இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ் இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இந்த எகிறலைத் தாங்கும்படி எஸ்எம்பிஎஸ்-ஐ வடிவமைக்கச் சொல்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அந்தக் குறிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

லேன் கணக்கும் பயாஸும்

குறைந்த வாட்ஸ் கார்டுகளில் செலவைக் குறைக்க லேன்களைக் குறைத்துவிடுகிறார்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6400-க்கு 4 லேன்தான். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, இன்டெல்லின் ஆர்க் ஏ380 ஆகியவற்றுக்கு 8. பிசிஐ எக்ஸ்பிரஸ் (இந்த ஸ்லாட்டின் தொழில்நுட்பம்) 4.0 பதிப்பு ஸ்லாட்டில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் இன்டெல்லில் 3ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரை கிட்டத்தட்ட எல்லாமே 3.0தான், 4.0 வந்தது 11ஆம் தலைமுறையில். அலுவலகங்களிலிருந்து வெளியே வரும் பெட்டிகளில் பெரும்பகுதி 3.0 என்று அர்த்தம். 3.0-இல் ஒரு லேனுக்கு விநாடிக்கு சுமார் 1 ஜிபி. 4 லேன் கார்டுக்கு 4 ஜிபி, 8 லேன் கார்டுக்கு 8 ஜிபி, 16 லேன் கார்டுக்கு 16 ஜிபி.

கார்டின் சொந்த மெமரிக்குள் எல்லாம் அடங்கியிருக்கும்வரை இந்தக் குறுகல் அவ்வளவாக உறைக்காது. மெமரி நிரம்பி, மீதியைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும்போதுதான் அடி விழும். ஆர்எக்ஸ் 6400-இல் 4 ஜிபி மெமரியும் 4 லேனும் சேர்ந்து வருவதால் இரண்டு பலவீனமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சராசரி எஃப்பிஎஸ் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். விளையாடும்போது இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி இழுக்கும். 3.0 பெட்டிக்கு இந்தக் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒற்றை ஸ்லாட் தவிர வேறு எதுவும் நுழையாது என்றாலொழிய.

ஏஎம்டி பக்கம் இதே பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ரைசன் 5 8500ஜி சிபியூ கிராபிக்ஸ் கார்டுக்குத் தருவது 4 லேன் மட்டுமே. 8600ஜி தருவது 8. மதர்போர்டில் ஸ்லாட் முழு நீளத்தில் இருந்தாலும் சிபியூ கொடுப்பதுதான் கிடைக்கும்.

அடுத்தது பயாஸ். 2012 வாக்கில் வந்த பெட்டிகள் சிலவற்றில் புதிய கார்டைச் சொருகினால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். புதிய கார்டுகள் பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் திரையை எழுப்புகின்றன. பழைய பயாஸுக்கு அது புரிவதில்லை. கார்டை வாங்குவதற்கு முன்பே பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள், விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இயங்குகிறதா என்று சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்த்துக்கொள்ளுங்கள். 'லெகசி' என்று இருந்தால் விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கின் பிரிவு முறையை மாற்றிவிட்டு பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாறலாம். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

இன்டெல் ஆர்க் கார்டு வாங்குபவர்களுக்கு இன்னொரு நிபந்தனை: ரீசைசபிள் பார். சிபியூ கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட உதவும் இந்த வசதி இல்லாமல் ஆர்க் கார்டு ஓடினால் வேகம் கண்கூடாக விழுந்துவிடும். இன்டெல்லே 10ஆம் தலைமுறை சிபியூ, ரைசன் 3000 ஆகியவற்றையும் அவற்றுக்குப் பிந்தையவற்றையும்தான் அதற்குச் சொல்கிறது. 6ஆம், 7ஆம் தலைமுறை அலுவலகப் பெட்டியில் கேமுக்காக ஆர்க் போடுவது காசைக் கரைப்பது. வீடியோ என்கோடிங்குக்கு (வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்வதற்கு) மட்டும் என்றால் கதை வேறு.

மிஞ்சும் கார்டுகள்

ஒல்லிப் பெட்டி, 8 பின் கேபிள் இல்லை, கேம் வேண்டும் என்பவர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி தான் இப்போது முதல் பெயர். 70 வாட்ஸ், லோ புரொஃபைலில் கிடைக்கிறது, இரண்டு ஸ்லாட். வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். இதே ஆர்டிஎக்ஸ் 3050 பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு; அது வேறு பிராணி. 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர் (கணக்கிடும் அலகு), 128 பிட் மெமரி, 130 வாட்ஸ், தனிப் பவர் கேபிள் கட்டாயம். 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட் மெமரி. இணையத்தில் 8 ஜிபி கார்டின் பெஞ்ச்மார்க்கைப் பார்த்துவிட்டு 6 ஜிபி வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

அதைவிட வேகமானது, அதே 70 வாட்ஸில், ஆர்டிஎக்ஸ் ஏ2000. 2021-இல் வந்த வொர்க்ஸ்டேஷன் கார்டு: 3328 கோர், 192 பிட் மெமரி, 16 லேன், 6 ஜிபி அல்லது 12 ஜிபி. கேம் கார்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். வழக்கமான டிரைவரோடு கேம் நன்றாகவே ஓடும். 16 லேன் இருப்பதால் 3.0 பெட்டிக்கு இது இன்னும் பொருத்தம். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது, பழையதாகக் கிடைத்தால் மதிப்பு. இதில் நான்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ கிடையாது. 4கே 60 ஹெர்ட்ஸ் டிவியோடு இணைப்பவர்கள் 'ஆக்டிவ்' வகை மாற்றி வாங்க வேண்டும், மலிவான பாஸிவ் மாற்றியில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுபோகும்.

ஒற்றை ஸ்லாட்தான் நுழையும் என்றால் தேர்வு சுருங்கும். 50 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் ஏ1000 (8 ஜிபி, 2304 கோர்) இந்த அளவில் வலிமையானது. அதற்கு முந்தைய டி1000-ம் 50 வாட்ஸ்தான், 896 கோர், 4 ஜிபி அல்லது 8 ஜிபி. பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கும். வேகத்தில் ஜிடிஎக்ஸ் 1650-இன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்எக்ஸ் 6400 பற்றி மேலேயே சொன்னதோடு இன்னொன்று: அதில் வீடியோ என்கோடர் இல்லை, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தைப் படிக்கும் டிகோடரும் இல்லை. ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்பவர்கள் பயாஸில் சிபியூவின் உள் கிராபிக்ஸை அணையாமல் வைத்து, அதன் என்கோடரைப் பயன்படுத்தலாம். அலுவலகப் பெட்டிகளின் பயாஸில் 'மல்டி டிஸ்ப்ளே' என்ற பெயரில் அந்த அமைப்பு ஒளிந்திருக்கும்.

விளையாட்டு வேண்டாம், இரண்டு திரை, 4கே வீடியோ, கொஞ்சம் எடிட்டிங் என்பவர்களுக்கு ஆர்க் ஏ310 அல்லது ஏ380. ஏவி1 என்கோடர் உள்ள மலிவான கார்டுகள் இவைதான். ஏ380-இல் 8 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, ஸ்லாட்டிலேயே ஓடும் லோ புரொஃபைலும் உண்டு. படத்தில் மேல்விளிம்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்ட மெமரிதான் முக்கியம் என்றால் 70 வாட்ஸில் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2000 ஏடா, 20 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் ஏடா என்று இருக்கின்றன. விலை உங்கள் பெட்டியைப் போல் பல மடங்கு.

பழைய பெயர்களைப் பற்றி. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, ஜிடி 1030 ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்த காலம் போய்விட்டது. அந்தத் தலைமுறைகளுக்கு கேம் டிரைவர் புதுப்பிப்பை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை என்பதால் தப்பியது. ஜிடி 1030 வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதா என்று பாருங்கள். அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு வந்ததற்கு மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே போய்விட்டது. பழைய 1050 டிஐ என்ற பெயரில் பயாஸ் மாற்றி எழுதிய புராதனக் கார்டுகளும் சுற்றுகின்றன. ஜிபியூ-இசட் மென்பொருளில் திறந்தால் போலி என்று காட்டிவிடும்.

8 பின் கேபிள் உள்ள சின்னப் பெட்டி என்றால் கதவு அகலமாகத் திறக்கிறது. லோ புரொஃபைலிலேயே 115 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060, 145 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060 கிடைக்கின்றன. மினி-ஐடிஎக்ஸ் பெட்டிக்கு இரண்டு ஃபேன் உள்ள, இரண்டு ஸ்லாட்டைத் தாண்டாத 200 வாட்ஸ் கார்டு வரை வெப்பத்தைச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போவது பிடிவாதம்.

சூடு

ஒல்லிப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் முன்னாலிருந்து சிபியூவுக்கு ஊதும் ஒரே ஃபேன். கார்டின் சூட்டை வெளியேற்ற யாரும் இல்லை. ஏ2000 மாதிரி புளோயர் வகைக் கார்டு சூட்டைப் பின்பக்கத் துளை வழியாகத் தானே வெளியே தள்ளிவிடும், சத்தம் கொஞ்சம் அதிகம். திறந்த ஃபேன் வகைக் கார்டு சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே விட்டு, அதையே திரும்ப இழுக்கும். கார்டின் ஃபேனுக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இல்லையென்றால் திறந்த ஃபேன் கார்டு வேண்டாம். தகட்டில் துளைகள் இருந்தால் அந்த விதியைத் தளர்த்தலாம்.

சூட்டைக் குறைக்க மலிவான மருந்து பவர் லிமிட். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் அதை 100 சதவீதத்திலிருந்து 80-க்கு இறக்குங்கள். வேகம் சில சதவீதம்தான் குறையும். சூடும் சத்தமும் அதைவிட அதிகமாக இறங்கும். கடைசி சில மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் கார்டு மிச்சமுள்ள வாட்ஸையெல்லாம் விழுங்குகிறது. வோல்டேஜ் வளைவைக் கையால் மாற்றி இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம், பொறுமை வேண்டும்.

மாட்டிய பிறகு

பழைய டிரைவரை சேஃப் மோடில் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கொண்டு துடைத்துவிட்டு, மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பிறகு கார்டைச் சொருகுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கார்டுக்கு மாற்ற மறந்துவிட்டு 'படம் வரவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

முதலில் ஜிபியூ-இசட்டில் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஸ்லாட் பதிப்பை 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் உண்மையான எண் தெரியும். 8 இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்தால் கார்டு ஸ்லாட்டில் சரியாக அமரவில்லை, அல்லது தவறான ஸ்லாட்.

அடுத்து பக்க மூடியைப் போட்டுவிட்டு, ஆமாம், போட்டுவிட்டுத்தான், கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூடியைத் திறந்து வைத்துச் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கார்டின் கடிகார வேகம் முதல் ஐந்து நிமிடத்தில் இருந்ததும் கடைசி ஐந்து நிமிடத்தில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான புள்ளி) மட்டும் சராசரிச் சூட்டைவிட 25, 30 டிகிரி மேலே போனால் பழைய கார்டில் சில்லின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்.

நடுவில் நின்றுபோனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். 'கெர்னல்-பவர் 41' மட்டும் தனியாக இருந்து கம்ப்யூட்டர் சட்டென அணைந்திருந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். பவர் லிமிட்டை 70-க்கு இறக்கிப் பாருங்கள், நின்றுபோவது நின்றால் உறுதி. 'டிஸ்ப்ளே 4101' என்றால் டிரைவர் செயலிழந்து மீண்டிருக்கிறது. டிரைவரை மாற்றிப் பாருங்கள், வோல்டேஜைக் கை வைத்துக் குறைத்திருந்தால் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். 'டபிள்யூஎச்இஏ-லாகர் 17' வரிசை வரிசையாக இருந்தால் அது ஸ்லாட் இணைப்பில் வரும் பிழை. ரைசர் கேபிள் வைத்த மினி-ஐடிஎக்ஸ் பெட்டிகளில் இது சகஜம்: 3.0-க்காகச் செய்த ரைசரில் 4.0 கார்டு ஓடுகிறது. பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து 3.0-க்கு மாற்றினால் தீர்ந்துவிடும். படமே வராததால் பயாஸுக்குள் போக முடியவில்லை என்றால், சிபியூவின் உள் கிராபிக்ஸில் மானிட்டரைச் சொருகி மாற்றுங்கள். உள் கிராபிக்ஸ் இல்லாத சிபியூ என்றால் ரைசரைக் கழற்றி, கார்டை நேராக மதர்போர்டில் நிறுத்தி, மாற்றிவிட்டு, மறுபடி ரைசரில் மாட்டுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த அமைப்பு 'ஆட்டோ'வுக்குத் திரும்பிவிடும். ரைசர் இருக்கும் பெட்டியில் புதுப்பிப்பதற்கு முன்பே கார்டைக் கழற்றிவிடுவது உத்தமம்.